பி-யு-டி ஏன் ‘பட்’ ஆகவில்லை?

ஆறாம் வகுப்பில் படிக்கும் தம் மகள் கேட்ட நான்கு கேள்விகளுக்கு விடை சொல்ல முடியவில்லை என்று ஒரு தந்தை எழுதியிருக்கிறார். வெட்டுவதைக் குறிக்கும் சி-யு-டி ‘கட்’ என்றால், வைப்பதைக் குறிக்கும் பி-யு-டி ஏன் ‘பட்’ ஆகாமல் ‘புட்’ ஆகிறது? கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல்லின் தலையில் ‘கே’ எதற்கு? ‘கோ’ என்ற வினையின் இறந்தகாலம் எப்படி ‘வென்ட்’ ஆயிற்று? ராணுவ அதிகாரியின் பதவிப் பெயரைக் ‘கொலொனெல்’ என்று எழுதிவிட்டு ஏன் ‘கர்னல்’ என்கிறார்கள்? இந்த மொழிக்கு விதியே கிடையாதா, மனப்பாடம் ஒன்றுதான் வழியா என்று தந்தையும் தம் பங்குக்குக் கேட்டிருக்கிறார்.

விதி உண்டு. ஆனால் அந்த விதிகளில் பல, முந்நூறு அல்லது ஐந்நூறு அல்லது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழக்கில் இருந்து, தம் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டவை. அவை விட்டுச்சென்ற தடங்களைத்தான் இன்று விதிவிலக்கு என்கிறோம். மகள் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் அதிக இடம் தேவைப்படும்.

ஏறத்தாழ 1600 வரை அந்த இரண்டு சொற்களிலும் ஒரே உயிர்தான் இருந்தது. ‘கட்’ என்பதை அன்றைய லண்டன்வாசி ‘குட்’ என்றே உச்சரித்தார். ‘கப்’ அவருக்குக் ‘குப்’, ‘சன்’ அவருக்குச் ‘சுன்’. யு என்ற எழுத்து அங்கே உகரத்துக்கு நேர்மையாகவே நின்றது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்பகுதியில் இந்தக் குற்றுயிர் மாறத் தொடங்கியது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவை இதழ் குவிவதால் பிறக்கின்றன என்று நன்னூல் சொல்வது நமக்குத் தெரியும். அந்தக் குவிவு தளர்ந்தால் உகரம் நம் அகரத்துக்கு அருகில் வந்து நிற்கும்; தென் இங்கிலாந்தில் நடந்தது அதுதான். ஆனால் முன்னால் நிற்கும் மெய்யே உதட்டில் பிறக்கும் மெய்யாக இருந்தால், அது இதழ்க் குவிவைப் பல சொற்களில் விடாமல் பிடித்துக்கொண்டது. அதனால்தான் ‘புட்’, ‘புஷ்’, ‘புல்’, ‘ஃபுல்’ ஆகியவற்றில் பழைய உகரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எல்லாச் சொற்களிலும் அது வெற்றி பெறவில்லை. ‘ஃபன்’ மாறிவிட்டது, ‘ஆனால்’ என்ற பொருள் தரும் ‘பட்’டும் மாறிவிட்டது. (இந்தச் சொல்லின் எழுத்துகளைத் தமிழில் எழுதினாலும் பி-யு-டி என்றுதான் வரும், இரண்டு ‘பி’களையும் நம் எழுத்து பிரித்துக் காட்டாது. அடுத்த மொழியின் எழுத்தைக் குறை சொல்வதற்கு முன் இதையும் நினைவில் வைப்பது நல்லது.)

இங்கிலாந்தின் வடபகுதிக்கு இந்த மாற்றம் போய்ச் சேரவே இல்லை. லீட்ஸ் போன்ற நகரங்களில் பிறந்து வளர்ந்த பலர் இன்றைக்கும் கட், புட் இரண்டையும் ஒரே உயிரோடுதான் பேசுகிறார்கள். மகளின் கேள்வி அவர்களுடைய பேச்சில் எழவே வழியில்லை.

இதே கதையின் அடுத்த கிளை இரட்டை ‘ஓ’. ‘ஃபூட்’ (உணவு), ‘குட்’ (நல்ல), ‘பிளட்’ (குருதி) ஆகிய மூன்று சொற்களையும் இரண்டு ‘ஓ’ போட்டுத்தான் எழுதுகிறோம். மூன்றுக்கும் மூன்று ஒலி. ஒரு காலத்தில் மூன்றிலும் நெடிலே இருந்தது. குருதியைக் குறிக்கும் சொல்லில் நெடில் சீக்கிரமே குறுகிவிட்டதால், உகரம் அகரத்தின் பக்கம் நகர்ந்தபோது அதுவும் சேர்ந்து நகர்ந்தது. ‘குட்’டில் நெடில் குறுகுவதற்குள் அந்த நகர்வு நடந்து முடிந்திருந்தது, ஆகவே அது உகரத்தோடு நின்றுவிட்டது. ‘ஃபூட்’ குறுகவே இல்லை. மூன்று ஒலிகளுக்கும் காரணம் மாற்றம் வந்த நேரம்தான்; எழுத்து அந்த நேரங்களைப் பதிவு செய்யவில்லை, அவ்வளவே.

இவற்றைவிடப் பெரிய பெயர்ச்சி ஒன்று இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஏறக்குறைய 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் அனைத்தும் வாய்க்குள் ஒரு படி மேலேறின. ஏற்கெனவே உச்சியில் இருந்த ஈகாரமும் ஊகாரமும் மேலே போக இடமில்லாமல் பிளந்து, ‘ஐ’ போலவும் ‘அவு’ போலவும் ஆயின. பெயரைக் குறிக்கும் சொல் ‘நாம’ என்பதிலிருந்து ‘நேம்’ ஆனது. ‘டீம’ என்றிருந்த நேரம் ‘டைம்’ ஆனது. ‘மோன்’ என்றிருந்த நிலா ‘மூன்’ ஆனது. ‘ஹூஸ்’ என்றிருந்த வீடு ‘ஹவுஸ்’ ஆனது. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்குப் பெரும் உயிரொலிப் பெயர்ச்சி என்று பெயர் வைத்தார். ரோமன் எழுத்தின் முதல் உயிரை இத்தாலியரும் ஜெர்மானியரும் ஸ்பானியரும் ‘ஆ’ என்று அழைக்கும்போது ஆங்கிலேயர் மட்டும் ‘ஏ’ என்றும், மற்றவர்கள் ‘ஈ’ என்பதை இவர்கள் ‘ஐ’ என்றும் அழைப்பது இந்தப் பெயர்ச்சியின் விளைவுதான். எழுத்து இருந்த இடத்திலேயே இருக்க, அதன் பெயர் நகர்ந்துவிட்டது.

இந்தப் பெயர்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்தின் நடுவில், 1476இல், வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவினார். கையால் படியெடுத்த காலத்தில் ஒவ்வோர் எழுத்தரும் தம் ஊர் ஒலிப்புக்கு ஏற்ப எழுதினார்கள். அச்சு வந்த பிறகு, லண்டன் வட்டார வழக்கம் அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் மெல்ல மெல்ல உறைந்தது. 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்தபோது பெரும்பாலான சொற்களின் எழுத்துக்கூட்டு இன்றைய நிலையை அடைந்துவிட்டது. ஆக, எழுத்து உறைந்துகொண்டிருந்த அதே காலத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

இது நமக்குப் புதிதல்ல. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு ‘வந்துட்டிருக்கேன்’ என்கிறோம். ‘அவர்கள்’ என்று எழுதிவிட்டு ‘அவங்க’ என்கிறோம். நம் எழுத்தும் ஒரு பழைய ஒலிப்பைத்தான் காத்துவருகிறது. மேடையிலோ வகுப்பறையிலோ நின்றால் எழுதியபடியே உச்சரிப்பது நம் வழக்கம் என்பதால், எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள இடைவெளி நமக்கு எழுத்துப் பிழையாகத் தோன்றாமல் இரண்டு நடைகளாகத் தோன்றுகிறது. ஆங்கிலத்துக்கு அப்படிப்பட்ட இரண்டாம் உச்சரிப்பு இல்லை. பழைய எழுத்தும் புதிய ஒலியும் ஒரே வாயில் மோதிக்கொள்கின்றன.

இரண்டாம் கேள்விக்கு இனி விடை எளிது. கத்தியின் தலையில் நிற்கும் ‘கே’ அலங்காரத்துக்காக வந்ததல்ல. ஒரு காலத்தில் ‘க்னீஃப்’ என்று அதை வாய்விட்டே சொன்னார்கள். முழங்காலைக் குறிக்கும் உறவுச் சொல்லை ஜெர்மானியர் இன்றும் ககரம் கேட்கவே ‘க்னீ’ என்கிறார்கள். இரவைக் குறிக்கும் ‘நைட்’டின் நடுவில் நிற்கும் ஜி-எச் இணையும் இப்படித்தான். அது தொண்டைப் பக்கத்திலிருந்து உரசி வரும் ஓர் ஒலியைக் குறித்தது. நம் ஆய்தத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் அதற்கு அருகில் வரும். ஜெர்மானியரின் ‘நாக்ட்’ என்ற சொல்லில் அதை இன்றும் கேட்கலாம். ஆங்கிலத்தில் அந்த ஒலி சில சொற்களில் அடையாளமின்றி மறைந்தது; ‘லாஃப்’, ‘இனஃப்’ போன்ற சொற்களில் ‘ஃப்’ ஆக மாறியது. வெவ்வேறு வட்டாரங்களின் ஒலிப்புகள் லண்டனில் வந்து கலந்ததால் ஒரே எழுத்திணைக்கு இத்தனை முகங்கள்.

எல்லாப் பழியையும் ஒலிமாற்றத்தின் மேல் போடுவதும் நியாயமாகாது. படித்தவர்கள் செய்த வேலையும் இதில் உண்டு. கடனைக் குறிக்கும் ‘டெட்’ பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ‘பி’ கிடையாது. மறுமலர்ச்சிக் காலத்து லத்தீன் பற்றாளர்கள், மூலச்சொல்லான ‘டெபிட்டும்’ என்பதில் அந்த எழுத்து இருக்கிறதே என்று எடுத்துவந்து நடுவில் செருகினார்கள். ஐயத்தைக் குறிக்கும் ‘டவுட்’டுக்கும் அதே கதி. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ இன்னும் வேடிக்கையானது. அது தூய பழைய ஆங்கிலச் சொல். லத்தீனின் ‘இன்சுலா’வோடு அதற்கு உறவே இல்லை. இருந்தும், உறவு இருப்பதாக எண்ணி நடுவில் ஓர் ‘எஸ்’ஸைச் சேர்த்துவிட்டார்கள். தவறான குலப்பெருமை நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிப் பிள்ளைகளைத் துன்புறுத்துகிறது.

எழுதும் முறையும் எழுத்தை மாற்றும். அன்பைக் குறிக்கும் ‘லவ்’விலும் மகனைக் குறிக்கும் ‘சன்’னிலும் ‘ஓ’ இருப்பதற்குக் காரணம் இடைக்காலத்துக் கையெழுத்து. அதில் யு, என், எம் எல்லாம் ஒரே மாதிரியான செங்குத்துக் கீற்றுகளாக நின்றதால், அருகருகே வந்தபோது எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எழுத்தர்கள் யு-வுக்குப் பதில் ‘ஓ’ எழுதிக் குழப்பத்தைத் தவிர்த்தார்கள். ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் எழுதியதையும், எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் எழுத்தில் வேறுபாடில்லாமல் இருந்து வீரமாமுனிவர் காலத்தில் அது சீரானதையும் அறிந்த நமக்கு இது வியப்பாக இருக்காது.

ஆங்கில எழுத்தைக் கேலி செய்ய ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. ‘இனஃப்’பில் ‘ஃப்’ ஒலி தரும் ஜி-எச், பெண்களைக் குறிக்கும் ‘விமன்’னில் இகர ஒலி தரும் ஓ, ‘நேஷன்’னில் ‘ஷ்’ ஒலி தரும் டி-ஐ ஆகியவற்றைச் சேர்த்து எழுதினால் அதை ‘ஃபிஷ்’, அதாவது மீன், என்று படிக்கலாமாம். பெர்னார்ட் ஷா சொன்னதாக இதைப் பரப்புகிறார்கள். ஆனால் அவர் பிறந்தது 1856இல், இந்தக் கேலியோ 1855ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது. நகைச்சுவை நல்லதுதான், வாதம் நிற்காது. ஜி-எச் சொல்லின் முதலில் வந்தால் ஒருபோதும் ‘ஃப்’ ஆகாது. டி-ஐ சொல்லின் இறுதியில் ‘ஷ்’ ஆகாது, அதற்குப் பின்னால் இன்னோர் உயிர் வரவேண்டும். ஓர் எழுத்தின் ஒலியை அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ ஆகிய மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிப்பதைத் தமிழ்க் குழந்தை யாரும் சொல்லாமலே அறிந்திருக்கிறது; ஆங்கிலத்திலும் அப்படிப்பட்ட இடவிதிகள், நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கின்றன. என்ன வேறுபாடு என்றால், நம் விதிக்கு விலக்குக் குறைவு, அவர்களுடையதற்கு மிகுதி.

எழுத்தைச் சீர்திருத்தினால் என்ன என்ற கேள்வியும் பழையதே. 1906இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் முந்நூறு சொற்களின் எளிய வடிவங்களை அரசு அச்சகம் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டார். நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. தமிழ்நாடு அரசு 1978இல் ஓர் ஆணையால் ணை, லை, றா போன்ற எழுத்துகளின் வடிவத்தை மாற்ற முடிந்ததற்குக் காரணம், ஒலியைத் தொடாமல் வடிவத்தை மட்டும் மாற்றியது. ஆங்கிலத்தில் ஒலிப்படி எழுதவேண்டும் என்றால் யாருடைய ஒலிப்படி? லீட்ஸ்காரருக்கும் லண்டன்காரருக்கும் ‘கட்’டை ஒரேபோல் எழுத முடியாது. மேலும், பழைய எழுத்து சொல்லின் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கையெழுத்திடுவதைக் குறிக்கும் ‘சைன்’னில் ஒலிக்காத ‘ஜி’யை எடுத்துவிட்டால் ‘சிக்னேச்சர்’ அதன் உடன்பிறப்பு என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆகவே ஒலிக்காத எழுத்தைக் கண்டால் அதே குடும்பத்தில் அது ஒலிக்கும் சொல் உண்டா என்று தேடச் சொல்லுங்கள். எல்லாச் சொல்லுக்கும் கிடைக்காது, கிடைத்தால் மறக்காது.

மூன்றாவது கேள்வி ‘வென்ட்’ பற்றியது. ‘செண்ட்’டுக்கு ‘சென்ட்’ என்று நாம் எழுதிக்காட்டவே திணறும் ஒரு வினைக்கூட்டம் ஆங்கிலத்தில் உண்டு: இறுதியில் ‘டி’ ஒலி வன்மை பெற்று இறந்தகாலம் ஆகும் வினைகள். அனுப்புவது, வளைப்பது, செலவிடுவது எல்லாம் அந்தக் கூட்டம். வழியே செல்வதைக் குறித்த ‘வெண்ட்’ என்ற வினையும் அதில் ஒன்று. ‘வென்ட்’ அதன் முறையான இறந்தகாலம். ‘கோ’வுக்கோ பழைய ஆங்கிலத்திலேயே சொந்த வேரிலிருந்து இறந்தகாலம் இல்லை, ‘ஏஓடெ’ என்ற வேறொரு வடிவம்தான் இருந்தது. அது தேய்ந்து மறைந்தபோது, பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில், பக்கத்து வீட்டிலிருந்து ‘வென்ட்’டை எடுத்துக்கொண்டார்கள். ‘வெண்ட்’ பிற்காலத்தில் தனக்கென்று ‘வெண்டெட்’ என்று புதிதாக ஒன்று செய்துகொண்டது.

ஒழுங்கற்ற வினைகளுக்குப் பொதுவான ஒரு பண்பு உண்டு. எவை அதிகம் பயன்படுகின்றனவோ அவையே ஒழுங்கற்றவை. இரு, செய், சொல், போ, வா, கொடு, எடு, பார் ஆகிய பொருளுடைய ஆங்கில வினைகளில் ஒன்றுகூட வெறும் இ-டி சேர்த்து இறந்தகாலம் ஆவதில்லை. தமிழிலும் வா, தா, சா, காண், நில், சொல் ஆகியவற்றைப் பாருங்கள்: வந்தான், தந்தான், செத்தான், கண்டான், நின்றான், சொன்னான். நாள்தோறும் காதில் விழும் வடிவத்தைக் குழந்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். எப்போதோ ஒருமுறை கேட்கும் வினையை விதியைக் கொண்டுதான் கட்டும், அந்தக் கட்டு நாளடைவில் எல்லோருடையதும் ஆகிவிடும். 2007இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றிருந்த 177 வினைகளைத் தொடர்ந்து சென்று, இன்று அவற்றில் 98 மட்டுமே அப்படி இருக்கின்றன என்று காட்டியது. உதவுவதைக் குறிக்கும் ‘ஹெல்ப்’ ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்று இறந்தகாலம் எடுத்தது. இன்று அது யாருக்கும் நினைவில்லை. பன்மையிலும் இதே கதைதான்: புத்தகத்தைக் குறிக்கும் ‘புக்’கும் முன்பு பாதத்தைப் போலவே நடு உயிர் மாறித்தான் பன்மை ஆனது. புத்தகம் விதிக்குள் வந்துவிட்டது. பாதம், பல், எலி, ஆண், பெண் ஆகியவை வரவில்லை.

மகள் கேட்காத இரண்டைச் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டைவிட இவற்றில்தான் அதிகம் வழுக்குகிறார்கள். ஒன்று, அழுத்தம் விழாத உயிர். வாழைப்பழத்தைக் குறிக்கும் ‘பனானா’வில் மூன்று ‘ஏ’ எழுத்துகள் உள்ளன. பிரிட்டிஷ் உச்சரிப்பில் நடுவில் உள்ளது மட்டுமே முழு ஆகாரம், மற்ற இரண்டும் தேய்ந்த, நிறமற்ற ஓர் ஒலி. ‘பசு’வில் முழு உகரமும் ‘காசு’வில் குறுகிய உகரமும் இருப்பதை எழுத்து காட்டாவிட்டாலும் நம் நாக்கு அறிகிறது அல்லவா? ஆங்கிலம் அந்தக் குறுக்கத்தை எல்லா உயிர்களுக்கும் விரித்துவிட்டது. எழுத்துக்கு எழுத்து முழு மாத்திரை கொடுத்துப் படிக்கும் நம் பழக்கத்தால் நம் ஆங்கிலம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அவர்கள் பேசுவது நமக்குப் புரியாமல் போகிறது.

மற்றொன்று, ‘டிட் யூ கேம்?’ என்று கேட்பது. நான் திருத்திய விடைத்தாள்களில் இதைவிட அதிகமாகச் சிவப்பு மை பட்ட பிழை வேறு இல்லை. ஷேக்ஸ்பியர் காலம் வரை ‘அறியேன்’ என்பதுபோல வினையை ஒட்டியே எதிர்மறையைச் சேர்த்து ‘ஐ நோ நாட்’ என்றும் சொல்ல முடிந்தது. பிறகு ‘டூ’ என்ற துணைவினை இடையில் புகுந்து, காலத்தையும் எண்ணையும் தானே சுமந்துகொண்டது. ‘டிட்’ இறந்தகாலத்தை வாங்கிக்கொண்ட பிறகு முதன்மை வினை வெறுங்கையோடு ‘கம்’ என்றுதான் நிற்கவேண்டும். ‘வந்தாயா’ என்பதில் காலம் வினையின் உள்ளேயே இருப்பதால், அதை வெளியே எடுத்து இன்னொரு சொல்லிடம் கொடுப்பது நமக்கு இயல்பாக வருவதில்லை.

இனி அந்த அதிகாரி. இத்தாலியத்தில் அவர் ‘கொலொன்னெல்லோ’, படை வரிசையின் தலைவர். பிரெஞ்சுக்குப் போனபோது, லகரங்கள் அடுத்தடுத்து வருவது நாவுக்கு இடறியதால் முதல் லகரம் ரகரமாகி ‘கொரொனெல்’ ஆனார். ஆங்கிலேயர் பதினாறாம் நூற்றாண்டில் கடன் வாங்கியது இந்த வடிவத்தைத்தான். பின்னர், மூலத்தை நன்கறிந்தவர்கள் எழுத்தை மட்டும் இத்தாலிய முறைக்குத் திருத்தினார்கள். பேச்சில் ரகரம் தங்கிவிட்டது. பந்தலைப் பந்தர் என்றும் சாம்பலைச் சாம்பர் என்றும் சொல்வதைப் போலி என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. லகரம் ரகரம் ஆவது உலகத்து நாக்குகளுக்கெல்லாம் பொதுவான பழக்கம். நாம் ஒலியைக் கேட்டுக் ‘கர்னல்’ என்று எழுதிவிட்டதால், தமிழில் அவர் பெயரும் உச்சரிப்பும் ஒன்றாகவே இருக்கின்றன.